பூங்காவைக் காப்பது பூட்டா, மக்களா?

சென்ற கோடை விடுமுறையில், விடுமுறை வகுப்பு மாணவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு வடசென்னையில் உள்ள ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தோம். மாலை ஐந்து மணி. வாசலிலேயே ஒரு பலகை நம்மை வரவேற்றது. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, புல்தரையில் உட்காரக் கூடாது, கூட்டமாக நிற்கக் கூடாது என்று ஏழெட்டு "கூடாது"கள். உள்ளே இரண்டு ஊஞ்சல்கள். அதில் ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. மாணவர்களில் சின்னவன் ஒருவன் நம்மைப் பார்த்து, "ஹஜ்ரத், விளையாடக் கூடாதுன்னா எதுக்கு பார்க்கு?" என்று கேட்டான். நம்மிடம் பதில் இல்லை.

இருட்டத் தொடங்கியதும் உள்ளே இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறினார்கள். பின்பக்க விளக்குகள் மூன்று மாதமாக எரியவில்லையாம். காவலாளியிடம் கேட்டோம். "நான் காண்டிராக்டர் ஆளு பாய், லைட்டு எங்க வேலை இல்ல" என்றார். வேறு இரண்டு இடங்களில் விசாரித்தோம். ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினாரே தவிர, பொறுப்பு யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பதில் தேடப் போய், ஒரு நகரத்தின் பூங்காக்கள் எப்படி உருவாகின்றன, எப்படி நடத்தப்படுகின்றன, எப்படிப் பறிபோகின்றன என்பதை ஓரளவு தெரிந்துகொண்டோம். அதையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு பூங்கா காணாமல் போன கதை

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்குப் "பார்க் டவுன்" என்று பெயர். எதிரே "பார்க்" ரயில் நிலையம். ஆனால் அங்கே பார்க் எங்கே இருக்கிறது?

1859-ல் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யன், நெரிசலில் தவித்த நகர மக்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று கருதினார். அவர் முயற்சியால் சுமார் 116 ஏக்கரில் "பீப்பிள்ஸ் பார்க்" உருவானது. குளங்களும் நடைபாதைகளும் இருந்தன. மிருகக்காட்சிச் சாலையும் அங்கேதான் இருந்தது. பெயரே "மக்கள் பூங்கா" என்பதைக் கவனியுங்கள்.

பிறகு என்ன நடந்தது? 1880-களில் அதன் ஓரத்தில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டு அரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது; அந்த இடத்தில் ரயில்வே கட்டிடம் எழுந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சிச் சாலை வண்டலூரில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. இன்று அந்த 116 ஏக்கரில் பூங்கா என்று சொல்ல மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற ஒரு சிறு துண்டு மட்டுமே.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வந்த கட்டிடங்கள் எதுவும் கெட்ட நோக்கத்தில் வந்தவை அல்ல. மண்டபமும் நல்லது, சந்தையும் நல்லது, அரங்கமும் நல்லது. "பூங்காவை ஒழித்துவிடுவோம்" என்று யாரும் எந்த நாளிலும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் இடம்தானே" என்று எடுத்தார்கள். இன்று நகரத்தின் பூங்காக்களை நிர்வகிக்கும் மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையே ஒரு பூங்காவின் மண்ணில்தான் நிற்கிறது!

பூங்கா நிலம் எங்கிருந்து வருகிறது?

பூங்காவை அரசாங்கம் எங்கோ இடம் வாங்கி அமைக்கிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான சிறு பூங்காக்கள் அப்படி வருவதில்லை. பெரிய மனைப்பிரிவோ அடுக்குமாடிக் குடியிருப்போ அமையும்போது, அதில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்காகத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. இதற்கு "ஓ.எஸ்.ஆர். நிலம்" என்று பெயர். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு இது பொருந்தும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவான இடங்களில் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டவும் வழி இருக்கிறது.

அப்படியானால் நாம் வசிக்கும் மனைப்பிரிவில் புதர் மண்டிக் கிடக்கும் "காலி மனை" உண்மையில் யாரோ ஒருவரின் காலி மனையாக இல்லாமல், நம் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட பூங்காவாக இருக்கலாம். அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடு வாங்கும்போது பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்கும் நாம், அந்த வரைபடத்தில் பூங்கா எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இப்படி வந்த நிலத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் அது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையில் உள்ள பூங்காக்கள், திடல்கள், திறந்தவெளிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதியின்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. ஆக, பட்டியலில் பெயர் இருப்பதுதான் ஒரு பூங்காவின் முதல் காவல். பட்டியலில் ஏறாத இடம் திறந்த வீடு மாதிரி.

1991-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் வசித்தவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை. பூங்காவுக்கான இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. அங்கு குடியிருப்பவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது.

இங்கே நமக்குள்ளேயே ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், "பக்கத்தில் ஓ.எஸ்.ஆர். இடம் சும்மாதானே கிடக்கிறது, பிள்ளைகள் ஓத ஒரு கூடம் போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்டார். அவருடைய எண்ணம் தூய்மையானது. ஆனாலும் கூடாது என்றோம். 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, கோவில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா எதன் பெயராலும் பொதுத்தெருவிலோ பொதுப்பூங்காவிலோ அனுமதியற்ற கட்டுமானம் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எல்லோருக்கும் எழுதிக் கொடுத்த இடத்தை ஒரு சாரார் எடுத்துக்கொள்வது நியாயமா என்பதே முதல் கேள்வி. நாம் ஒரு மூலையை எடுத்தால், மற்ற மூலைகளை எடுப்பவரைத் தடுக்க நமக்கு வாய் இருக்காது.

எவ்வளவு இடம் வேண்டும்?

மத்திய அரசு 2014-ல் வெளியிட்ட நகரத் திட்டமிடல் வழிகாட்டி நெறிமுறைகள், நகரங்களில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 பேர் வசிக்கும் ஒரு வார்டுக்கு, குறைந்தபட்ச அளவில் பார்த்தாலும் 3 லட்சம் சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர் தேவை. மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ புளியந்தோப்பிலோ இதை எங்கே தேடுவது?

பெருநகர சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் பரப்பில், 200 வார்டுகளாக விரிந்து கிடக்கிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் அதன் கணக்கில் உள்ளன. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தாலும் பல பூங்காக்கள் சில மனைகள் அளவே கொண்டவை. அவையும் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. திட்டமிட்டு அமைத்த அண்ணா நகர் போன்ற பகுதிகளில் பூங்காக்கள் முதலிலேயே இடம் பிடித்துவிட்டன. நெரிசலில் தானாக வளர்ந்த பழைய பகுதிகளுக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. வீடு சிறியதாக இருப்பவருக்குத்தான் வெளியில் இடம் அதிகம் தேவை. அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. புதிதாக நிலம் கிடைக்காத இத்தகைய இடங்களில், இருக்கும் கையளவு இடத்தை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன?

பூங்கா திறப்பு விழா ஒரு நாள். பராமரிப்பு வருடம் முழுக்க. அமைப்பதற்கு ஒருமுறை பணம் ஒதுக்குவது எளிது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றப் பணம் ஒதுக்குவதுதான் கடினம். மாநகராட்சியின் பூங்காத் துறை சில பூங்காக்களைச் சொந்தப் பணியாளர்களைக் கொண்டு பராமரிக்கிறது. பலவற்றை ஒப்பந்ததாரர்களிடம் விடுகிறது. சிலவற்றைக் குடியிருப்போர் சங்கங்களும் நிறுவனங்களும் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்கின்றன.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும். கூட்டுவது, தண்ணீர் விடுவது, செடி வெட்டுவது, காவல் என்று எழுதியிருந்து, விளக்கு இன்னொரு பிரிவின் பொறுப்பாகவும் கழிப்பறை வேறொரு பிரிவின் பொறுப்பாகவும் இருந்தால், நாம் பார்த்த பூங்காவின் கதைதான் எங்கும். அந்தக் காவலாளி பொய் சொல்லவில்லை. விளக்கு உண்மையிலேயே அவர் வேலை இல்லை. பல பிரிவுகளின் வேலை ஒன்றாகச் சேர்ந்தால்தான் ஒரு மாலை நேரம் மக்களுக்குப் பயன்படும். அப்படிச் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் இல்லாததே பெரும்பாலான பூங்காக்களின் நோய்.

விளையாட்டுச் சாதனங்களுக்கும் இது பொருந்தும். சறுக்குமரத்தின் அடியில் மணல் இருக்க வேண்டும்; காலப்போக்கில் அது இறுகிக் கல்லாகிவிடும், கிளறிப் புதுப்பிக்க வேண்டும். ஊஞ்சலின் கொக்கி தேய்கிறதா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பியைக் குழந்தையின் கை கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஊழியரின் கண் கண்டுபிடிக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. முறையாக வந்து பார்க்கும் பழக்கம் தேவை.

பூங்காவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மழை நீரை மண்ணுக்குள் இறக்குவது. 2015 வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் சில பூங்காக்களில் குளம் வெட்டி, "ஸ்பாஞ்ச் பூங்கா" என்ற பெயரில் மழை நீரை உறிஞ்ச வைக்கும் வேலை நடந்திருக்கிறது. அழகுக்காகப் பூங்கா முழுக்கச் சிமெண்ட் கல் பதிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகள்

அண்ணா நகர் டவர் பூங்காவை அறியாதவர் குறைவு. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரம் அங்கே நிற்கிறது. மேலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்ட சம்பவங்களால் 2011-ல் கோபுரத்தின் மேலே ஏறத் தடை விதித்தார்கள். மீண்டும் அனுமதித்தது 2023-ல். என்ன மாற்றம் செய்தார்கள்? கம்பித் தடுப்பு அமைத்தார்கள், சீரமைத்தார்கள்.

அதே வட்டாரத்தில் ஷெனாய் நகரில் திரு.வி.க. பூங்கா. மெட்ரோ ரயிலின் சுரங்க நிலையம் அமைக்க 2011-ல் அதை எடுத்துக்கொண்டார்கள். மீண்டும் மக்களுக்குத் திறந்ததும் 2023-ல்தான். மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாமும் அதில்தான் பயணிக்கிறோம். ஆனால் பூங்கா மூடியபோது ஐந்து வயதாக இருந்த குழந்தை, திறந்தபோது பதினேழு வயது வாலிபன். அவனுக்கு அந்த ஊஞ்சல் இனி எதற்கு? சாலையை மூடினால் மாற்றுவழி அறிவிக்கிறோம். பூங்காவை மூடும்போது மட்டும் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாற்றிடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

பூட்டு என்பது நிர்வாகத்துக்கு மிக எளிதான வழி. பிரச்சினை வந்தால் பூட்டு, ஆள் இல்லையென்றால் பூட்டு, மதியம் என்றால் பூட்டு. ஆனால் பூட்டிய பூங்காவில் புதர் வளரும். புதர் வளர்ந்தால் தவறானவர்கள் சுவரேறி வருவார்கள். அவர்கள் வந்தால் குடும்பங்கள் வராது. குடும்பங்கள் வராத இடத்தை, "யாரும் பயன்படுத்தவில்லையே, வேறு எதையாவது கட்டலாமே" என்று ஒருநாள் கோப்பு நகரும். பூங்கா பறிபோகும் பாதை இதுதான்.

நிகழ்ச்சிகள் ஏன் தேவை?

பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. நாமும் முன்பு அப்படி நினைத்ததுண்டு. இப்போது அவற்றையே பூங்காவின் உண்மையான காவலாகப் பார்க்கிறோம். வாரத்தில் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் நூறு பேர் கூடும் இடத்தை யாரும் எளிதில் ஆக்கிரமிக்க முடியாது. விளக்கு அணைந்தால் அன்றே கேள்வி எழும்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை, ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர் சிறுமியர் பாடும் நிகழ்ச்சி பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. மேடையும் பந்தலும் இல்லாத சிறு ஏற்பாடுதான். ஆனால் மாதம் தவறாமல் நடப்பதுதான் அதன் பலம். 2007-ல் தொடங்கிய "சென்னை சங்கமம்" கிராமியக் கலைஞர்களை நகரப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது. இடையில் நின்று 2023-ல் மீண்டும் நடந்தது. இரண்டுமே நல்லவை. ஆனால் ஆண்டுக்கொரு திருவிழாவைவிட மாதமொரு சிறு நிகழ்ச்சி பூங்காவுக்கு அதிகம் உதவும் என்பது நமது கருத்து.

நிகழ்ச்சி என்றால் கச்சேரி மட்டும்தான் என்று இல்லை. முதியோருக்குக் காலை உடற்பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம், கேரம், நூல் வாசிப்பு, பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி, மாதமொருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் என எத்தனையோ உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஏற்றவாறு சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு பூங்கா இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்தால், ஒரு சாய்வுப் பாதையும் ஒரு சிறப்பு ஊஞ்சலும் எத்தனை பெற்றோரை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும் என்பது புரியும்.

இங்கே கட்டணம் என்ற கேள்வி எழுகிறது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் பந்து உதைக்க 1,200 ரூபாய்! வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கால்பந்து ஏழைப் பிள்ளைகளின் விளையாட்டு. அந்தத் தொகையைக் கொடுக்க முடிந்தவன் அந்தத் திடலைத் தேடி வரமாட்டான். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. நிறுவனங்களின் போட்டிகளுக்கும் படப்பிடிப்புக்கும் வாங்கலாம். அன்றாடம் விளையாட வரும் பிள்ளையிடம் வாங்கினால், அவன் திடலுக்குப் பதில் தெருமுனைக்குப் போவான். தெருமுனையில் அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள்.

நேரத்தைப் பங்கிடுவோம்

சிறிய பூங்காவில் எல்லோருக்கும் தனி இடம் தர முடியாது. ஆனால் நேரத்தைப் பங்கிடலாம். அதிகாலை நடப்பவர்களுக்கு. காலை பத்து மணிக்குப் பிறகு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்களுக்கு. மாலை நான்கு முதல் ஆறு வரை சிறுவர்களுக்கு. மெல்லிய பந்து என்றால் ஒரு மூலையில் விளையாட விடலாம். இரவு உணவுக்கு முன் முதியோருக்கு. நாள் முழுக்கப் "பந்து கூடாது" என்று எழுதுவதற்குப் பதில், "பந்து விளையாட்டு: மாலை 4 முதல் 6 வரை" என்று எழுதினால் அந்தப் பலகையே அழைப்பிதழாகிவிடும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, உள்ளே நடப்பது வெளியிலிருந்து தெரியும் தாழ்வான வேலி, இந்த மூன்றும் இருந்தால் பெண்கள் வருவார்கள். ஒன்று இல்லாவிட்டாலும் வரமாட்டார்கள். ஒரு பூங்கா நன்றாக நடக்கிறதா என்று அறிய அறிக்கை எதுவும் தேவையில்லை. மாலை ஏழு மணிக்கு அங்கே எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் பகுதியின் மனைப்பிரிவு வரைபடத்தைப் பெற்று, பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் எது என்று பாருங்கள்.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு செய்யுங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்த இடம் பூங்காப் பட்டியலில் உள்ளதா? பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம் உள்ளது? அதில் என்னென்ன வேலைகள் அடங்கும்? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

3. அன்றாடக் குறைகளுக்குச் சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண் உள்ளது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் போய்விடும்.

4. வார்டு அளவில் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்றும் இவை நடத்தப்படுகின்றன. தனியாளாகப் போகாமல் குடியிருப்போர் சங்கம், ஜமாஅத், இளைஞர் மன்றம், மகளிர் குழு எனச் சேர்ந்து போங்கள். பூங்கா எல்லோருக்கும் பொது; கோரிக்கையும் எல்லோருடைய பெயரிலும் இருக்கட்டும்.

5. மாதம் ஒரு நிகழ்ச்சியை நீங்களே பொறுப்பேற்று, அனுமதி பெற்று நடத்துங்கள். முடிந்ததும் குப்பையை அள்ளிவிட்டு வாருங்கள்.

நாம் முதலில் சொன்ன அந்தப் பூங்காவுக்கு வருவோம். அப்பகுதிவாசிகள் சிலருடன் சேர்ந்து இரண்டு மனுக்கள் கொடுத்தோம்; பகுதி சபையில் எழுந்தும் பேசினார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏழு வாரத்தில் விளக்கு எரிந்தது. ஊஞ்சலுக்குச் சங்கிலி இன்னும் வரவில்லை, மனு நிலுவையில் இருக்கிறது. ஆனால் இப்போது ஞாயிறு மாலைகளில் நம் மாணவர்கள் அங்கே மற்றப் பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடுகிறார்கள். வாசலில் உள்ள "கூடாது"ப் பலகை அப்படியே இருக்கிறது. "கூட்டமாக நிற்கக் கூடாது" என்பதன் கீழேயே முப்பது பேர் கூட்டமாக நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். காவலாளியும் அவர்களில் ஒருவர்.

"எதுக்கு பார்க்கு?" என்று கேட்ட சிறுவனுக்கு நாம் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. போகாத பூங்கா கைவிட்டுப் போகும்; இந்த வாரம் ஒரு மாலை, உங்கள் தெருப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள்.